இருபத்தொன்பது பனைகளின் படுகை

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே போகும் பத்தாம் எண் நெடுஞ்சாலையில், காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும் கணவாயைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சாலை பிரிந்து மலையேறும். அதன் எண் 62. முதல் ஏற்றம் முடிகிற இடத்தில் மொராங்கோ வேலி, அடுத்த ஏற்றத்தில் யக்கா வேலி, அப்புறம் மெல்ல இறங்கினால் ஜோஷுவா ட்ரீ, இன்னும் இறங்கினால் ட்வென்டிநைன் பாம்ஸ். கடைசியில் வொண்டர் வேலி. அதற்கு மேல் நூறு மைல் தூரத்துக்கு பெட்ரோலோ சாப்பாடோ கிடைக்காது என்று ஒரு பலகை நிற்கிறது. இந்த ஊர்களும், சாலைக்கு வடக்கே சிதறிக் கிடக்கும் லேண்டர்ஸ், பயனியர்டவுன் போன்ற குட்டி ஊர்களும் சேர்ந்ததுதான் மொராங்கோ படுகை. மொஹாவி பாலைவனத்தின் தெற்கு ஓரம்.

நான் முதலில் அங்கே போனது சுற்றிப் பார்க்க அல்ல. கிணறுகளின் நீர்மட்டக் கணக்குகளோடு உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. அந்த வேலையாக, பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் மாதம் நாலு நாள் தங்கினேன். முதல் நாள் ராத்திரி விடுதியிலிருந்து மனைவிக்குப் போன் செய்து, "இங்கே ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டல்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய் வந்துவிட்டேன். போகப் போக அந்த வார்த்தை என்னை உறுத்த ஆரம்பித்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே வந்த பலரும் என்னைப் போலவே சொல்லியிருக்கிறார்கள். சொன்னபோதெல்லாம் அங்கே முன்பே இருந்த யாரோ, ஏதோ ஒன்று, இழந்திருக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

62-ஆம் சாலையை ஒட்டியே கிழக்கு மேற்காக ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. பின்டோ மலைப் பிளவு என்று பெயர். இரண்டு பக்கமும் நகர்ந்து உரசி உரசி, பிளவின் நெடுகப் பாறை மாவாக அரைபட்டுக் களிமண்போல இறுகிப் போயிருக்கிறது. மலையில் பெய்து மண்ணுக்குள் இறங்கி வரும் நீர் அதைத் தாண்டிப் போக முடியாமல் முட்டி நிற்கும். நிலத்துக்குள் கட்டிய அணை மாதிரி. முட்டிய நீர் மேலே ஏறி ஊற்றாகக் கசிகிற ஓர் இடத்தில்தான் மாரா என்ற பசுஞ்சோலை இருக்கிறது. இன்றைய ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரின் ஓரத்தில், ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

மாரா என்பது அங்கே வாழ்ந்த செரானோ என்ற பூர்வகுடி மக்கள் வைத்த பெயர். சின்னச் சின்ன ஊற்றும் நிறையப் புல்லும் உள்ள இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அவர்களிடையே ஒரு கதை உண்டு. அங்கே போய்க் குடியேறினால் ஆண்பிள்ளைகள் நிறையப் பிறப்பார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பனை நடுங்கள் என்று அவர்களுடைய வைத்தியர் சொன்னாராம். முதல் வருடமே இருபத்தொன்பது பனை நட்டார்களாம். ஊர்ப்பெயர் அங்கிருந்து வந்தது.

அந்தப் பனை நம் ஊர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். ஓலை அதே விசிறி வடிவம்தான். ஆனால் காவோலை உதிராது. காய்ந்த ஓலைகள் அடுக்கடுக்காக மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தரைவரை தொங்கும். அதற்குள் வௌவாலும் ஆந்தையும் குடியிருக்கும். செரானோக்களும் பக்கத்துக் கவீயா மக்களும் அந்த ஓலையால் குடிசை வேய்ந்தார்கள், சின்னக் கறுப்புப் பழத்தைத் தின்றார்கள், காயவைத்து இடித்து மாவாக்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வப்போது காவோலைக்குத் தீ வைத்துவிடுவதும் உண்டு. பனை சாகாது, பூச்சி செத்துப்போகும், அடுத்த பருவம் காய்ப்பு கூடும். தோட்டத்தைப் பராமரிக்கத் தெரிந்த மனிதர்கள் செய்கிற காரியம் இது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தோட்டமாகத் தெரியவில்லை என்பதுதான் துயரம்.

1867 வாக்கில் கொலராடோ ஆற்றங்கரையில் மொஹாவி மக்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு, செமெஹுவேவி மக்கள் சிலர் மாராவுக்கு வந்து செரானோக்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். 1909-இல் வில்லி பாய் என்ற செமெஹுவேவி இளைஞனின் காதல் விவகாரம் கொலையில் முடிந்தது. செத்தவர் அந்தப் பெண்ணின் தகப்பனார், மாராவின் மூத்தவர்களில் ஒருவர். பெண்ணோடு பாலைவனத்துக்குள் ஓடிய அவனைத் தேடி ஆயுதம் ஏந்திய கூட்டம் புறப்பட்டது. அந்தப் பெண்ணும் செத்துப்போனாள். அன்றைய பத்திரிகைகள் அவன்தான் அவளைக் கொன்றான் என்று எழுதின. தேடிப்போனவர்களின் குண்டுதான் என்று அவளுடைய சனங்கள் சொல்கிறார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிய வேட்டைக் கதையாக்கிப் பரபரப்பாக விற்றன. அதற்குப் பிறகு நாலைந்து வருடத்துக்குள் மாராவில் அந்த மக்கள் யாரும் இல்லை. அவர்களுடைய இடுகாடு மட்டும் ஊருக்கு நடுவில் இன்னும் இருக்கிறது. அவர்கள் வழிவந்தவர்கள் 2014-இல் ட்வென்டிநைன் பாம்ஸில் ஒரு கேசினோ திறந்து, ஊருக்கு மறுபடியும் வந்திருக்கிறார்கள். சூதாட்ட விடுதி எனக்குப் பிடித்த விஷயம் அல்ல. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது மனதில் ஏதோ நேராகிறது.

பிறகு வந்தவர்கள் கிணறு தோண்டினார்கள். 1940-களின் தொடக்கத்தில் மாராவின் ஊற்று மேலே வருவது நின்றுபோனது. பனைகள் வேரை ஆழத்தில் வைத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த நிலத்தைப் பொட்டல் என்று சொல்ல மறுத்த ஒருவர் மினர்வா ஹாமில்டன் ஹோய்ட். பசடேனா நகரத்துப் பணக்காரக் குடும்பத்துப் பெண்மணி, தோட்டக்கலையில் ஈடுபாடு கொண்டவர். மகனையும் கணவரையும் இழந்தபின் பாலைவனத்தில் போய்த் தங்குவது அவருக்கு ஆறுதலாக இருந்தது. அப்போதுதான் கார்கள் பெருகியிருந்த காலம். லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் லாரி லாரியாகக் கள்ளிகளைப் பிடுங்கிப் போய் வீட்டு முற்றத்தில் நட்டார்கள். ராத்திரியில் வழி தெரியட்டும் என்று ஜோஷுவா மரத்துக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. ஹோய்ட் அம்மையார் சும்மா இருக்கவில்லை. 1920-களின் கடைசியில் பாலைவனச் செடிகளை அப்படியே நியூயார்க், பாஸ்டன், லண்டன் வரை கொண்டுபோய்க் கண்காட்சி வைத்தார். வாஷிங்டனை விடாமல் நச்சரித்தார். 1936 ஆகஸ்ட் 10-இல் அதிபர் ரூஸ்வெல்ட் எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலமாக, அறிவித்தார். 1950-இல் சுரங்கக்காரர்களுக்காக அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். 1994-இல் அதில் பெரும்பகுதி திரும்பிச் சேர்ந்து தேசியப் பூங்காவானது. இன்று வருடத்துக்குச் சுமார் முப்பது லட்சம் பேர் வருகிறார்கள்.

பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு யோசுவா தெரியும். கைகளை விண்ணோக்கித் தூக்கிய அவரைப் போலிருக்கிறது என்று மோர்மோன் மதத்துக் குடியேறிகள் இந்தப் பெயரை வைத்ததாக ஒரு கதை. பெயர்தான் மரம். கற்றாழைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கும் உறவான செடி, மரமாக வளர்ந்து நிற்கிறது. வருட வளையம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்தால் அதிகம். அதன் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரே ஒரு வகை அந்துப்பூச்சி. பெண் பூச்சி மகரந்தத்தை உருட்டி எடுத்து வந்து, சூலகத்தில் முட்டையிட்டு, உருண்டையைத் தானே சூல்முடிக்குள் திணித்துவிட்டுப் போகும். புழு பொரிந்து விதைகளில் கொஞ்சத்தைத் தின்னும். மிச்சம் மரத்துக்கு. பூச்சி இல்லையென்றால் விதை இல்லை. மரம் இல்லையென்றால் பூச்சி இல்லை.

விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோக முன்பு ஒரு விலங்கு இருந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மரத்தில் தொங்கும் ஸ்லாத் என்ற அமெரிக்க விலங்குக்கு உறவான, தரையில் நடமாடிய பெரிய பிராணி ஒன்று. அதன் பழைய சாணம் குகைகளில் கிடைத்திருக்கிறது, அதில் ஜோஷுவா மரம் சேர்ந்த யக்கா இனத்தின் இலையும் விதையும் இருந்தன. பனியுகம் முடிகையில் அது அழிந்துவிட்டது. இப்போது அணிலும் எலியும்தான் விதையைச் சுமக்கின்றன, அவற்றின் தூரம் கொஞ்சம். வெப்பம் ஏறும்போது மரம் மேட்டுநிலத்துக்கு நகர்ந்தாக வேண்டும், நகர்த்த ஆள் இல்லை. பூங்காவின் தாழ்வான பகுதிகளில் பெரிய மரங்கள் நிற்கின்றன. குட்டி மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த ஓர் ஆய்வு, புகைவெளியீட்டை நன்றாகக் குறைத்தாலும் நூற்றாண்டின் கடைசியில் பூங்காவுக்குள் அதன் வாழிடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் மிஞ்சும் என்றது. குறைக்காவிட்டால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. 2020-இல் வடக்கே மொஹாவி காப்பகத்தில் ஒரே தீயில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் செத்தன. வெளிநாட்டுப் புல் செடிகளுக்கிடையே படர்ந்து தீயைக் கடத்திவிடுகிறது. 2023-இல் கலிபோர்னியா இந்த மரத்துக்கென்றே தனிச்சட்டம் போட்டது. இனி அனுமதியில்லாமல் வெட்ட முடியாது.

பாறைகளைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் பூமிக்கடியில் ஆறி இறுகிய கருங்கல், விரிசல் வழியே நீர் இறங்கி மூலை மழுங்கி, மேல்மண் கரைந்தபோது குவியல் குவியலாக வெளியே வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள், கல் இளஞ்சிவப்பாகும். கீஸ் வியூ என்கிற மேட்டில் ஏறினால் தெற்கே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, கோடு கிழித்த மாதிரி தெரியும்.

பிளவு என்றதும் லேண்டர்ஸ் ஞாபகம் வரும். 1992 ஜூன் 28, ஞாயிறு விடிகாலை 4:57-க்கு அங்கே 7.3 அளவில் நிலம் நடுங்கியது. ஐந்து தனித்தனிப் பிளவுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஏறத்தாழ 85 கிமீ நீளத்துக்குக் கிழிந்தன. அவ்வளவு பெரிய நடுக்கத்திலும் இறந்தவர்கள் மிகச் சிலர்தான். அவர்களில் ஒருவன் யக்கா வேலியில் புகைபோக்கிச் செங்கல் விழுந்த மூன்று வயதுக் குழந்தை. ஆள் குறைவான இடம் என்பதால் தப்பித்தோம் என்று அன்று செய்திகளில் பேசியதை, அந்த ஊரில் இருந்தவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

குடியேற்றத்துக்கு வருகிறேன். முதல் உலகப்போரில் விஷவாயு பட்டு நுரையீரல் கெட்ட படைவீரர்களை, பசடேனா மருத்துவர் ஜேம்ஸ் லக்கி 1920-களில் ட்வென்டிநைன் பாம்ஸுக்கு அனுப்பிவைத்தார். காய்ந்த, சுத்தமான காற்று அவர்களுக்கு உயிர் கொடுத்தது. ஊர் அப்படித்தான் ஊரானது. 1938-இல் அரசாங்கம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: யாருக்கும் பயன்படாத நிலம், ஆளுக்கு ஐந்து ஏக்கர், ஒரு சின்னக் குடில் கட்டினால் சொற்ப விலைக்கு உங்களுக்கு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் வந்து கட்டினார்கள். ஜாக்ராபிட் குடில்கள் என்று பெயர்; ஜாக்ராபிட் என்பது ஒரு வகைக் காட்டு முயல். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. பெரும்பாலோர் கைவிட்டுப் போனார்கள். வொண்டர் வேலியில் கதவு போய், சன்னல் போய், மண் நிரம்பி நிற்கும் அந்தக் குடில்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

படுகையின் வடக்கே பெரும்பகுதி ராணுவத்துடையது. பரப்பளவில் அமெரிக்க மரைன் படையின் மிகப் பெரிய தளம், 1952 முதல் அங்கே இருக்கிறது. தெளிந்த இரவில் தூரத்தில் இடி கேட்டால் அது மழை அல்ல. இந்த ஊர்களில் பலருடைய சாப்பாடு அந்தத் தளத்தை நம்பித்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தளத்தை விரிவாக்கியபோது 2017-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலை ஆமைகளை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் வேறிடத்தில் விட்டார்கள். வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கும் பிராணி அது. மழைநீரைத் தன் மூத்திரப்பையில் சேமித்து வைத்துத்தான் கோடையைத் தாண்டும். யாராவது தூக்கினால் பயத்தில் அதைப் பெய்துவிடும், சேமிப்பு போய்விட்டால் பிழைப்பது கடினம். அதனால்தான் பூங்காவில் ஆமையைத் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பயனியர்டவுன் 1946-இல் கௌபாய்ப் படங்கள் எடுப்பதற்காகக் கட்டிய ஊர். சனிக்கிழமை கூட்டம் அதிகம். லேண்டர்ஸில் இன்டெக்ரட்ரான் என்ற மரக் குவிமாடம் இருக்கிறது. வேற்றுக்கிரகத்தார் சொல்லிக்கொடுத்தபடி இளமையைத் திருப்பித் தரும் எந்திரம் என்று நம்பி ஜார்ஜ் வான் டாசல் கட்டியது. உள்ளே எழுப்பும் ஒலி உடம்பு முழுக்க ஓடும். இரண்டையும் ஒரு தடவை பார்க்கலாம்.

நோவா பியூரிஃபாயின் பத்து ஏக்கருக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். 1917-இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் 1965-இல் நடந்த கலவரத்தில் எரிந்த பொருள்களைப் பொறுக்கிச் சிற்பம் செய்தவர். 1989-இல், எழுபது வயதைத் தாண்டி, ஜோஷுவா ட்ரீக்கு வந்து, 2004-இல் இறக்கும்வரை குப்பையில் கிடந்த தகரம், டயர், கழிப்பறைக் கோப்பை, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் வைத்து வெட்டவெளியில் ஓர் உலகத்தையே கட்டினார். வெயிலும் காற்றும் அவற்றை அரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அங்கே ஒரு படைப்பு: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடிநீர்க் குழாய்கள். 'வெள்ளையர்' என்று எழுதியது சரியான குடிநீர்க் குழாய். 'கறுப்பர்' என்று எழுதிய இடத்தில் கழிப்பறைக் கோப்பை. இனப்பாகுபாட்டுச் சட்டம் இருந்த மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். தண்ணீரைப் பற்றி நான் எழுதிய எந்த அறிக்கையும் அந்த இரண்டு குழாய் சொன்னதைச் சொன்னதில்லை.

யக்கா வேலியின் தண்ணீர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், அங்கே என்னை அழைத்துப்போனதே அதுதான். 1940-களிலிருந்து இறைத்து இறைத்து, ஐம்பது வருடத்தில் நீர்மட்டம் சில இடங்களில் 300 அடி வரை இறங்கிவிட்டது. 1995-இல், வடகலிபோர்னியாவிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் நீரைக் குழாயில் கொண்டுவந்து, குளம் வெட்டி, நிலத்துக்குள் இறக்க ஆரம்பித்தார்கள். நீர்மட்டம் வேகமாக ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறுவது தெரிந்தது. ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அத்தனை வருடமாக அதிலிருந்து கசிந்த கழிவுநீர் காய்ந்த மண்ணுக்குள்ளேயே தங்கியிருந்தது. மேலேறி வந்த நல்ல நீர் அதைப் போய்த் தொட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை இதைக் கண்டுபிடித்து எழுதிய அறிக்கையை நான் முதலில் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெறும் மண் என்று நாம் நினைப்பது ஐம்பது வருடத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. பல வருட விவாதத்துக்குப் பிறகு, வசதி குறைந்த அந்த ஊர்மக்கள் தங்கள் கைக்காசும் போட்டுப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள்.

இப்போதைய சிக்கல் வேறு. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு நகரத்தார் குடில்களையும் வீடுகளையும் வாங்கி, வெள்ளையடித்து, வெந்நீர்த் தொட்டி வைத்து, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். விளம்பரத்தில் எழுதுவது அதே வார்த்தைதான்: சுற்றிலும் யாரும் இல்லை. கடையில் வேலை செய்பவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மாத வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

போன நவம்பரில் வொண்டர் வேலியில் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்தாறு வயது. அவருடையதும் பழைய ஐந்து ஏக்கர் குடில்தான், இரண்டு அறை கூட்டிக் கட்டியிருக்கிறார். கிணறு கிடையாது. பிக்கப் வண்டியில் பிளாஸ்டிக் டேங்க் வைத்து, வாரம் ஒருதரம் தண்ணீர் பிடித்து வருகிறார். பாத்திரம் கழுவிய நீர் வாசலில் இருக்கும் கிரியோசோட் புதருக்கு. அந்தப் புதர் தானே பரவி வட்டமாகப் பெருகும் வகை. இங்கிருந்து மேற்கே லூசர்ன் வேலிப் பக்கம் பத்தாயிரம் வருடத்துக்கு மேலான வட்டம் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். "தெரியும், என்னுடையது இன்னும் குழந்தை" என்றார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இருட்டத் தொடங்கியது. எதிரே பத்து மைல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு விளக்கு எரிந்தது. "அது தபால்காரர். ஓய்வுபெற்றுவிட்டார், ஆடு வளர்க்கிறார்" என்றார் அந்த அம்மா. வலது பக்கம் இன்னொன்று. "அந்தப் பையன் டிரம்ஸ் வாசிப்பான். நல்லவேளை, காற்று இந்தப் பக்கம் அடிக்காது." அதற்கும் பின்னால், மலையடியில், நட்சத்திரமா விளக்கா என்று சந்தேகப்படும்படி ஒரு புள்ளி. அது கணவனை இழந்த ஒரு பெண்ணாம். வியாழக்கிழமை அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வருவாராம். இப்படியே பதினான்கு விளக்குகள் வந்தன. பதினான்கையும் சொன்னார்.

நடுவில் ஒரு இடத்தில், தரையோடு தரையாக, நீல வெளிச்சம் ஒன்று பளிச்சென்று எரிந்தது. அது யார் என்று கேட்டேன்.

"தெரியாது, தம்பி. அங்கே வாரத்துக்கு வாரம் வேறு ஆள்."